அடங்கல் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது?

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசி நாள் என்று அறிவிப்பு வந்துவிட்டால், சீர்காழிப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களுக்கும் பொதுச் சேவை மையங்களுக்கும் ஒரு வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. சிட்டா, விஏஓ கையெழுத்திட்ட அடங்கல், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், முன்மொழிவுப் படிவம் என்று ஆளுக்கு ஐந்து தாள். மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் தூறலில் நனையாமல் அந்தத் தாள்கள். வரிசை வாசலைத் தாண்டும்போது, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் எண்ணைக் காட்டுவார் ஆபரேட்டர். “பெரியப்பா, நிக்காதீங்க. பேரன்கிட்ட சொல்லி எல்லாத்தையும் போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பச் சொல்லுங்க. ராத்திரி ஏத்தி வச்சிடுறேன்.” பெரியவரும், “விட்டுப்போயிடாம பாத்துக்க தம்பி” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்.

சொன்னபடி ராத்திரி ஏற்றியும் விடுவார். டெல்டாவில் பலருக்கு இழப்பீடு கிடைப்பதே இப்படிப்பட்ட தம்பிகளின் தூக்கம் கெட்ட இரவுகளால்தான்.

ஆனால் அந்த ஐந்து தாள்களின் பயணம் அதோடு முடிவதில்லை. ஆபரேட்டரின் போனில் ஒரு பிரதி. அந்த போன் படங்களைத் தானாக கூகுள் போட்டோஸில் சேமிக்கிறது என்றால் அங்கே ஒன்று. கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில் ஒன்று. ‘சம்பா புதுசு’ என்ற பெயரில் கூகுள் டிரைவில் ஒன்று. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பருக்காக அந்த ஃபோல்டரை ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிட்டிருந்தால், அதற்குமேல் எத்தனை பிரதி என்று யாராலும் எண்ண முடியாது. இழப்பீடு வர மாதக்கணக்காகும், நடுவில் ஏதாவது ஒரு தாளை மறுபடியும் கேட்பார்கள் என்பதால் எதையும் அழிப்பதும் இல்லை. அடுத்த ஆண்டு ‘சம்பா புதுசு 2’ பிறக்கும்.

எந்தக் கோப்பு எங்கே இருக்கலாம், யார் பார்க்கலாம், யாருக்கு வெளியே அனுப்பலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, அதை மென்பொருளைக் கொண்டே அமல்படுத்துவதற்குத் தரவுக் கசிவுத் தடுப்புக் கொள்கை என்று பெயர். வங்கிகளும் ஐடி நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் செய்துவரும் வேலை இது. சென்னை ஓஎம்ஆர் சாலைக் கட்டடங்களுக்கு உரிய இந்த ஏற்பாடு சீர்காழி கூட்டுறவுச் சங்கத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2020இல் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சங்கதிகளை ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டும்.

முதலாவது, கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் கடலூர் மாவட்டமும் சம்பந்தப்பட்டது. பிஎம் கிசான் திட்டத்தில் விவசாயிகளே அல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் வேறு கணக்குகளுக்குப் போனதாக அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் வெளிவந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பட்டியல் நீண்டது. 80 ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். 34 அலுவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். சர்வரை உடைத்துக்கொண்டு யாரும் உள்ளே நுழையவில்லை. வேளாண் துறையினரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இடைத்தரகர்களின் கைக்குப் போயிருந்தன. கொரோனா ஊரடங்கு, வேலை தேங்கக் கூடாது என்ற அவசரம், ‘அவரே போட்டுக்கொள்ளட்டும்’ என்ற நம்பிக்கை. பூட்டு நன்றாகத்தான் இருந்தது, சாவியைத்தான் பொதுவில் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, பொதுச் சேவை மையங்களின் நிறுவனத்தையே தொட்டது. பீம் செயலியில் வணிகர்களையும் பயனாளிகளையும் சேர்ப்பதற்காக நடத்தப்பட்ட இணையதளம் ஒன்றின் கோப்புகள், அமேசான் கிளவுடில் பாஸ்வேர்டு இல்லாத சேமிப்புத் தொட்டியில் கிடந்ததை விபிஎன்மென்டார் என்ற ஆய்வுக் குழு 2020 ஏப்ரலில் கண்டது. 409 ஜிகாபைட், ஏறத்தாழ 72 லட்சம் பதிவுகள். ஆதார் ஸ்கேன், சாதிச் சான்றிதழ், முகவரிச் சான்று, பான் அட்டை எல்லாம் அதில் இருந்தன. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன்னுக்கு ஏப்ரல் இறுதியில் சொல்லியும், தொட்டி மூடப்பட்டது மே மாதம் 22ஆம் தேதி வாக்கில்தான். பீம் செயலியிலிருந்து எதுவும் கசியவில்லை என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் மறுப்பு வெளியிட்டது. செயலியைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சாதிச் சான்றிதழைக் கொடுத்தவருக்கு அது செயலியிலிருந்து போனதா, பக்கத்திலிருந்த தொட்டியிலிருந்து போனதா என்பதில் என்ன வேறுபாடு?

இந்த வகைக் கதை பழசாகிப்போகவில்லை. 2025 ஆகஸ்டில் அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் இதேபோல இன்னொரு அமேசான் தொட்டியைக் கண்டது. மாதத் தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள நாம் கையெழுத்திட்டுத் தருகிறோமே, அந்தப் படிவங்கள். 2,73,000 பிடிஎஃப் கோப்புகள், குறைந்தது 38 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சம்பந்தப்பட்டவை. கணக்கு எண், தொகை, தொலைபேசி எண் எல்லாம் வெளிச்சத்தில் இருந்தன. ஒவ்வொரு நாளும் புதிய கோப்புகள் சேர்ந்துகொண்டும் இருந்தன. சேமிப்பக அமைப்பில் நேர்ந்த இடைவெளி என்று அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான நூபே நிறுவனம் பின்னர் விளக்கம் சொன்னது.

மைக்ரோசாஃப்டே தப்பவில்லை என்பது ஒரு வகையில் ஆறுதல். அதன் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் சில பயிற்சிக் கோப்புகளைப் பொதுவில் பகிர ஒரு லிங்க் உருவாக்கினார்கள். அந்த லிங்க் அந்தக் கோப்புகளோடு நிற்காமல் சேமிப்பகம் முழுவதையும் திறந்துவிட்டது. பார்ப்பதற்கு மட்டுமின்றி மாற்றவும் அழிக்கவும் அனுமதி தந்தது. 38 டெராபைட், அதில் ஊழியர் இருவரின் கணினிப் பிரதிகளும் அடக்கம். 2023 ஜூனில் விஸ் என்ற நிறுவனம் சொன்ன பிறகுதான் மூடினார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்த லிங்க்கின் காலாவதி ஆண்டு: 2051. சீர்காழி ஆபரேட்டர் தேதியே போடுவதில்லை. மைக்ரோசாஃப்ட்காரர்கள் முப்பது ஆண்டு தள்ளிப் போட்டார்கள்.

அடங்கல் நகலை வைத்து ஒருவன் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் கர்நாடகத்தில் இருக்கிறது. டெல்டாவின் ஆற்றைப் போலவே அந்த மாநிலப் பதிவுத் துறையின் இணையதளத்துக்கும் காவேரி என்றுதான் பெயர். 2023இல் பெங்களூருவில் சிலருடைய கணக்கிலிருந்து ஓடிபி எதுவும் வராமலே பணம் போயிற்று. விசாரித்தபோது, அந்தத் தளத்தில் இருந்த பத்திரங்களின் விரல்ரேகைகளை எடுத்து வார்ப்புச் செய்து, ஆதார் வழிப் பணப்பரிமாற்றத்தில் பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை மூன்றும் சேர்ந்தால் போதும். நம் காப்பீட்டுக் கட்டில் முதல் இரண்டும் ஏற்கெனவே ஒன்றாகக் குத்தப்பட்டே இருக்கின்றன. கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் அப்பா அம்மா பெயரைச் சொல்லும் வித்தை வைத்தீஸ்வரன்கோயிலில் மட்டும்தான் என்றிருந்த காலம் போய்விட்டது.

சரி, ஒரு கூட்டுறவுச் சங்கமோ, நாலைந்து கிளை வைத்திருக்கும் சேவை மையமோ, ரத்தப் பரிசோதனை நிலையமோ இதில் எங்கிருந்து தொடங்குவது? கம்பெனிக்காரர்கள் வந்தால் மென்பொருளிலிருந்து தொடங்குவார்கள், அது அவர்கள் பிழைப்பு. தொடங்க வேண்டிய இடம் ஜிமெயில் முகவரி.

பல சின்ன அலுவலகங்களில் கோப்புகளின் சொந்தக்காரர் அலுவலகமே அல்ல. தற்காலிகமாக வேலைக்கு வந்த ஒரு பையனின் தனிப்பட்ட ஜிமெயில்தான் சொந்தக்காரர். பதினைந்து ஜிபி இலவசம், போன் இருக்கிறது, வேலை ஓடுகிறது. அந்தப் பையன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் மூன்று சாகுபடியின் அடங்கல்களும் அவனோடு போகும். அவன் நல்லவனாகவே இருந்தாலும், அவன் போன் தொலைந்தால் என்ன ஆகும் என்று அலுவலகத்தால் சொல்ல முடியாது. தனிப்பட்ட ஜிமெயிலுக்கு மேலே அட்மின் என்று ஒருவர் கிடையாது. வெளியே பகிரக் கூடாது என்று விதி போட இடமும் கிடையாது. யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவை அலுவலகம் கேட்டுப் பெறவும் வழியில்லை. அலுவலகத்தின் பெயரில் ஒரு கணக்கு, அதற்குள் ஊழியருக்கு ஊழியர் தனி நுழைவு, கோப்புகள் எல்லாம் அமைப்புக்குச் சொந்தமான பொது டிரைவில், ஆள் விலகிய அன்றே நுழைவு முடக்கம் என்று வந்த பிறகுதான் கொள்கை என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

அட்மின் கணக்கு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு வேண்டும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல் துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள் யாரோ நுழைந்துவிட்ட செய்தி வந்தபோது, ஓர் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு களவுபோனதே காரணமாகத் தெரிகிறது என்று காவல் துறையே சொன்னது. அந்தக் கணக்குக்கு இருந்த அதிகாரம் குறைவு, அதனால் உள்ளே ஆழமாகப் போக முடியவில்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் பாடம் இருக்கிறது: அட்மினுக்கும் தேவையான அளவுக்கு மேல் அதிகாரம் கொடுக்காதே.

அடுத்தபடி பூட்ட வேண்டியது பகிர்வு. நிறுவனத்துக்கு வெளியே பகிர்வதை ஒட்டுமொத்தமாக நிறுத்திவைத்துவிட்டு, தேவைப்படும் ஃபோல்டருக்கு மட்டும், பெயர் தெரிந்த முகவரிக்கு மட்டும், காலாவதித் தேதியோடு திறந்துவிடுவது. இதற்கு உயர்கட்டண மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. அலுவலகக் கணக்குகளில் இருக்கும் சாதாரண அமைப்புகளை அரை நாள் உட்கார்ந்து பார்த்தாலே போதும். மேலே சொன்ன கசிவுகளில் பெரும்பாலானவை இந்த அரை நாள் வேலை நடக்காததால் வந்தவை.

அதற்குப் பிறகு வருவதுதான் விளம்பரங்களில் பேசப்படும் பகுதி, அதாவது கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று மென்பொருளே படித்துப் பார்த்து நிறுத்துவது. ஆதார் எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். 0, 1 இரண்டிலும் தொடங்காது. கடைசி இலக்கம் முந்தைய பதினொன்றை வைத்துக் கணக்கிட்டு வருவது. பான் எண்ணுக்கு ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. இந்த வடிவங்களை மைக்ரோசாஃப்டின் கருவி முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிறது. எக்செல் பட்டியலில் இத்தனை ஆதார் எண்ணுக்கு மேல் இருந்தால் வெளியே பகிரவிடாதே என்று ஒரு விதி எழுதலாம். தனியாக எண்ணை மட்டும் நம்பினால் பன்னிரண்டு இலக்க வங்கிக் கணக்கு எண்களில் சில தற்செயலாக இந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் அருகில் ஆதார் என்ற சொல் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டெல்டா அலுவலகங்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு, விற்க வருபவர்கள் அதைச் சொல்வதில்லை. இங்கே முக்கியமான கோப்புகள் எக்செல் பட்டியல்கள் அல்ல. மேசை விளிம்பும் டீ கிளாஸும் சேர்ந்து விழுந்த போன் படங்கள். விஏஓவின் கையெழுத்து, நீல மையில் சர்வே எண், சாய்ந்த முத்திரை. படத்திலிருக்கும் எழுத்தைப் படிக்கும் வசதி சில திட்டங்களில் இருந்தாலும், கையால் எழுதிய தமிழ் அடங்கலை அது பிடித்துவிடும் என்று நம்பிக் கொள்கை வகுப்பது ஆபத்து. இங்கே உள்ளடக்கத்தைப் பார்க்கும் விதியைவிட இடத்தைப் பார்க்கும் விதியே உதவும். விவசாயியின் தாள் எதுவானாலும் இந்த ஒரு ஃபோல்டருக்குள்தான் வர வேண்டும், இந்த ஃபோல்டரிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, இறக்கவும் அச்சிடவும் இன்னின்னாருக்குத்தான் உரிமை என்று வைத்துவிட்டால், படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மென்பொருள் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

எப்போது தொடங்குவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். இந்தக் கருவிகளில் முதலில் வெறுமனே கவனித்துக் குறித்துக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு, அடுத்தது எச்சரிக்கும் நிலை, கடைசியில்தான் தடுப்பது. நவம்பர் 13ஆம் தேதி தடுப்பைப் போட்டுவிட்டு ஆபரேட்டரைத் திண்டாட விட்டால், அவர் பென் டிரைவையும் சொந்த வாட்ஸ்அப்பையும் எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவார். அவர்மேல் தவறும் சொல்ல முடியாது. விதி மட்டும் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், சித்திரை வைகாசியில் அலுவலகங்களில் ஓரளவு ஓய்வு உண்டு. அப்போது கவனிக்கும் நிலையில் ஓட்டிப்பார்த்து, எந்தக் கோப்பு உண்மையிலேயே வெளியே போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, குறுவையில் எச்சரிக்கை, சம்பாவுக்குத் தடுப்பு என்று போனால் ஆள்கள் பழகிக்கொள்வார்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் பழையபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமே என்பது இன்னொரு தரப்பு. 2022 நவம்பர் 12 அன்று காலைவரை ஒரே நாளில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வயலும் தெருவும் வீடும் ஒரே தண்ணீர். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்த அரசு, பயிர்ச் சேதத்துக்கு வழக்கம்போலத் தாள்களைத்தான் கேட்டது. அன்று ஈரமாகிப் பிசுபிசுத்த பீரோவைவிட ஏதோ ஒரு டிரைவில் கிடந்த போட்டோதான் பலருக்குக் கைகொடுத்தது. கிளவுட் வேண்டாம் என்ற வாதம் இந்தக் கடலோரத்தில் செல்லாது.

பாதுகாப்பு என்பதைப் புதைத்துவைப்பது என்று எடுத்துக்கொண்டாலும் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 16 அன்று சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு யாகசாலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. வைத்தவர் கெட்டிக்காரர், ஒன்றும் களவுபோகவில்லை. ஆனால் எங்கே வைத்தோம் என்ற குறிப்பு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. மண்வெட்டி தட்டும்வரை ஊர் அதைப் படிக்கவும் இல்லை. கோப்பு கசியாமல் இருந்தால் மட்டும் போதாது, உரியவர் கேட்கும்போது கிடைக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே விதிக்குள் கொண்டுவர வேண்டியிருப்பதால்தான் இதற்கு இத்தனை யோசனை தேவைப்படுகிறது.

விதிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசு 2020இலேயே சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது. மத்திய அரசு 2022 ஜூனில் தன் ஊழியர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது: அரசின் ரகசியக் கோப்புகளை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றில் வைக்காதே, காம்ஸ்கேனர் போன்ற செயலியில் ஸ்கேன் செய்யாதே. காம்ஸ்கேனர் 2020 ஜூனிலேயே நாட்டில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் ஒன்று. செய்யாதே என்ற பட்டியல் நீளமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக எதில் செய் என்று கிராம அளவில் ஒன்றைக் கையில் கொடுப்பதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். ஸ்கேனரும் அலுவலக முகவரியும் போதுமான இடமும் தராமல், சொந்த போனைப் பயன்படுத்தாதே என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் ஆபரேட்டர் சிரிக்கத்தான் செய்வார்.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றித் தகவல். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் விவரம். யார் எதைத் திறந்தார் என்ற பதிவு ஓராண்டுக்கு. சேவை மையம் போன்ற இடைநிலையாளர் செய்த தவறுக்கும், வேலையை அவரிடம் ஒப்படைத்த நிறுவனமே பொறுப்பு என்பது இந்தச் சட்டத்தின் உருப்படியான பகுதி. காப்பீட்டு நிறுவனம் இனி ‘அது பிரவுசிங் சென்டர் பையன் செய்தது’ என்று கையை உதறிவிட முடியாது.

பாராட்டு அதோடு சரி. அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். ஆதாரும் பாஸ்புக்கும் வெளியே போன விவசாயிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிவைத்திருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. அதைவிடச் சங்கடமானது, தேவை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து அரசுக்கும் அதன் அமைப்புகளுக்கும் தரப்பட்டிருக்கும் விலக்கு. தனியார் கடை அழிக்க வேண்டும். அரசு அழிக்க வேண்டியதில்லை. டெல்டா விவசாயியின் தாள்களில் பெரும்பகுதி யாரிடம் போய்ச் சேருகிறது என்று பார்த்தால் இந்த விலக்கின் கனம் புரியும்.

2021 ஜூனில் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 49 லட்சம் பேரின் ஆதார் எண், குடும்ப விவரம், முகவரி ஆகியவை ஹேக்கர்களின் தளமொன்றில் ஏற்றப்பட்டிருப்பதாக டெக்னிசாங்ட் என்ற நிறுவனம் சொன்னது. அரசின் தளத்திலிருந்தே போனதா, பிரதி வைத்திருந்த மூன்றாமவரிடமிருந்து போனதா என்பது அப்போதே கேள்வியாக இருந்தது. பிரதிகள் பெருகப் பெருக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் கடினமாகும்.

எனவே தமிழ்நாடு அரசு சட்டத்துக்குக் காத்திராமல் தனக்குத்தானே இரண்டு விதிகளைப் போட்டுக்கொள்ளலாம். ஒன்று, கேட்பதைக் குறைப்பது. சிட்டாவும் பட்டாவும் அரசின் இணையதளத்திலேயே இருக்கின்றன. சர்வே எண்ணைக் கொடுத்தால் எந்த அலுவலகமும் அதே நொடியில் பார்த்துக்கொள்ளலாம். அரசிடம் இருக்கும் பதிவேட்டை அரசுக்கே காட்ட விவசாயி ஏன் பிரிண்ட் எடுத்து, அதை போட்டோ எடுத்து, ஒரு டிரைவில் ஏற்ற வேண்டும்? 2025இல் முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்தபோதே, இனி ஒவ்வொரு திட்டத்துக்கும் திரும்பத் திரும்பத் தாள் கேட்க மாட்டோம் என்பதுதானே சொல்லப்பட்ட ஆதாயம்? கொள்முதல் நிலையத்திலும் காப்பீட்டிலும் அந்த எண் மட்டும் போதும் என்ற உத்தரவு வந்தால், கசிவதற்கு உள்ள கோப்புகளில் பாதி பிறக்கவே பிறக்காது.

ஆதார் நகலையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவுரை வெளியிட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில், 29ஆம் தேதி, அதை மத்திய அரசு திரும்பப் பெற்றது. அறிவுரை சரியானது. அதைச் சொன்ன இடம்தான் தவறு: கொடுக்கிறவரிடம் சொன்னார்கள், வாங்குகிறவரிடம் சொல்லவில்லை. கவுன்டரில் நிற்கும் பெரியவர் மறைப்பு ஆதாரை நீட்டினால், “இது செல்லாதுங்க, ஒரிஜினல் ஜெராக்ஸ் கொண்டாங்க” என்ற பதில் வரக் கூடாது என்பதற்கு ஒரு வட்டாட்சியர் சுற்றறிக்கை போதும்.

இரண்டாவது விதி, அழிப்பதற்குத் தேதி. ஒரு பருவத்தின் இழப்பீடு பட்டுவாடா முடிந்து, மேல்முறையீட்டுக்கு இத்தனை மாதம் என்று கணக்கிட்டு, அதன்பின் சேவை மையங்களிடமுள்ள எல்லாப் பிரதியும் போக வேண்டும். அழித்தேன் என்று மையம் எழுதிக் கொடுக்க வேண்டும், மாவட்ட நிர்வாகம் நாலு மையத்தையாவது திறந்து பார்க்க வேண்டும். இதற்காக ஆபரேட்டருக்கு ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலியும் சேர்த்துக் கொடுத்தால் வேலை நடக்கும். பழைய பருவங்களின் ஃபோல்டர்களைத் தோண்டி எடுப்பது சும்மா நடக்கிற காரியமில்லை.

செலவு என்ற முட்டுக்கட்டை வரும். கோப்பைப் படித்துத் தடுக்கும் வசதி கூகுளிலும் மைக்ரோசாஃப்டிலும் உயர்கட்டணத் திட்டங்களில்தான் கிடைக்கிறது. தனியொரு சங்கத்தால் அதைத் தாங்க முடியாது. ஆனால் மாவட்டத்தின் எல்லாக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே விதித் தொகுப்பு, மயிலாடுதுறையில் அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு அட்மின்கள் என்று போனால் சங்கத்துக்கு விழும் பங்கு தாங்கக்கூடியதே. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து வந்த இளைய மாவட்டம் இது, பழைய பழக்கங்கள் ஊறிப்போவதற்குள் மாற்றிவிட முடியும்.

2027 மே மாதத்துக்கு முன் இன்னும் ஒரு சம்பாப் பதிவு இருக்கிறது. பொது டிரைவ், ஆள் பெயரில் நுழைவு, லிங்க்குக்குத் தேதி ஆகிய மூன்றையும் அதற்குள் செய்துவிடலாம். ‘சம்பா புதுசு’ ஃபோல்டர்களை அழிக்கும்போது கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே போன கோப்பு முப்பது நாள் அப்படியே கிடக்கும். போனில் கூகுள் போட்டோஸையும் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும், டிரைவில் அழித்தால் அது அழியாது.